முதல் மனைவிக்கு ஆட்சேபனை இல்லை

அடுத்த தெருவுக்கும் கேட்கட்டும் என்று உரத்தே சொல்கிறேன்: இது அத்தனையும் உண்மை. இதில் ஒரு சொல் பொய்யென்றால் மகாவலி கங்கை திரும்பி மலையேறி ஓடட்டும், என் நாக்குக்கு இனிப் பாலில்லாத பிளேன்ரீ கூட ருசிக்காமல் போகட்டும். போன தடவை நான் சொன்ன கதையில் சிறுத்தை பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்தது கொஞ்சம் கூடிப்போயிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். இதில் சிறுத்தை கிடையாது. அதிகாரிகள் மட்டும்தான்.

குண்டசாலையில் பொன்னையா என்றொரு மனிதர். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஸ்டூல் விவாகப் பதிவாளரின் அறை வாசலில் கிடந்தது. அந்த ஸ்டூலில் இருந்தபடியே அவர் திருப்பி அனுப்பிய மாப்பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. "போட்டோக் கொப்பி தெளிவா இல்லையே." "முத்திரை கோணலா இருக்கே." "ஐயா டீ குடிக்கப் போயிட்டாரு, நாளைக்கு வாங்க." பத்திர விஷயத்தில் மத்திய மாகாணத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

அவருடைய மனைவி கலாராணி. ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலில், மேளம் கொட்டத் தோட்டமே பார்த்திருக்கத் தாலி கட்டிக் கூட்டி வந்தது. பதிவு மட்டும் செய்யவில்லை. சர்வீஸ் முழுக்கப் பதிவாளரின் வாசலிலேயே இருந்த மனிதருக்கு, உள்ளே போய் ஒரு கையெழுத்துப் போட நேரம் கிடைக்கவில்லை. வேலை அப்படி.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கலாராணி வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்காக வெளிநாடு போனார். நாட்டின் பெயரைச் சொன்னால் எனக்கு விசா கிடைக்காது. பனிநாடு என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமானவர் என்றால் மேலதிகப் பத்திரம் கேட்பார்கள் என்று, அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரன் 'விவாகமாகாதவர்' என்று எழுதிவிட்டான். பத்திரப்படி பார்த்தால் அது பொய்யுமில்லை.

அங்கே கலாராணி நல்ல பெயரும் எடுத்தார், குடியுரிமையும் எடுத்தார். இங்கே மகன் ஜீவன் கல்யாணம் கட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போய்விட்டான். பொன்னையா பேக்கரிப் பாணையும் பருப்பையும் ஃபோனுக்கு முன்னால் வைத்துக்கொண்டு தனியே சாப்பிட்டார். அவருக்கு ஒரே ஆசைதான். மிச்சக் காலத்தை மனைவி இருக்கிற வீட்டில் கழிக்க வேண்டும். ஃபோனைச் சார்ஜில் போடாமல் அவளோடு சண்டை பிடிக்க வேண்டும். அந்த ஆசையைத் தீர்த்துவைக்கத்தான், நீண்ட லீவு எடுத்துக்கொண்டு, கணவரைக் கையோடு கூட்டிப்போகக் கலாராணி வந்து இறங்கினார்.

கண்டி டவுனில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் 'சர்வதேச ஆவண ஆலோசகர்' இப்திகாரின் கந்தோர். இருவரும் போய்க் கதிரையில் உட்கார்ந்தார்கள்.

"விவாகப் பத்திரம்?" என்றார் இப்திகார்.

"தாலி இருக்கு தம்பி," என்று கலாராணி வெளியே எடுத்துக் காட்டினார்.

"அக்கா, இத ஸ்கேன் பண்ண ஏலாது."

"முப்பது வருஷத்துக்கு மேல சேர்ந்து வாழ்றோம்," என்றார் பொன்னையா.

"அதுல பன்னெண்டு வருஷம் ஃபோன்ல," என்று கலாராணி திருத்தினார்.

"வாழ்றதெல்லாம் பத்திரமாகாது அண்ணன். போய்ப் பதிஞ்சிட்டு வாங்க. ஒண்டுக்கும் பயப்பட வாணாம்."

பொன்னையா தன் பழைய வாசலுக்கே போனார். ஸ்டூலில் புதுப் பியூன் இருந்தார். "போட்டோக் கொப்பி தெளிவா இல்லையே. நாளைக்கு வாங்க," என்றார் அவர், முகத்தைக்கூடப் பார்க்காமல். பொன்னையாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "பார்த்தியா புள்ள, கந்தோர் இன்னும் கெட்டுப் போகல," என்று மனைவியிடம் பெருமைப்பட்டார். கலாராணி அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

பல நாளைக்குகளுக்குப் பிறகு காரியம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட ஜீவன் வந்தான்.

"பொண்ணுக்குத் தம்பியா?" என்று பதிவாளர் கேட்டார்.

"மகன்."

"சரி, வயது வந்தவர்தானே," என்று முத்திரையைக் குத்தினார். இவ்வாறாகப் பொன்னையா தம் ஐம்பத்தொன்பதாவது வயதில், சொந்த மகனின் முன்னிலையில், சட்டப்படி புதுமாப்பிள்ளையானார்.

பத்திரத்தைப் பார்த்த இப்திகார் தாடியைத் தடவினார். "மாஷா அல்லாஹ். ஆனா இப்ப வேற கரைச்சல் ஈக்கி. நீங்க கல்யாணம் முடிச்சு ஏழு நாள், ஒரு கிழமதான். புதுப் பொண்ணு மாப்பிள்ள எண்டா லவ்வுக்கு ஆதாரம் கேப்பாங்க. பிரீஷூட் எடுத்தீங்களா?"

"அது என்ன வியாதி?"

"கல்யாணத்துக்கு முந்தி எடுக்கிற போட்டோ அண்ணன்."

"கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே!"

"பிந்தி எடுத்து முந்தி எடுத்த எண்டு சொல்றதுதான். இப்ப ஊரே அப்படித்தான்."

ஊர் அப்படித்தான். இந்தக் காலத்தில் தாலியில்லாமல் கல்யாணம் நடந்தாலும் நடக்கும், பிரீஷூட் இல்லாமல் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை பேராதனைப் பூங்காவில் மரங்களைவிட மாப்பிள்ளைகள் அதிகம். சாய்ந்து நிற்கத் தோதான மரத்துக்கு வரிசை. ஒரு ஜோடி காதலித்து முடித்து விலகினால்தான் அடுத்த ஜோடி காதலிக்கலாம். அந்த வரிசையில் பொன்னையா ஜீன்ஸோடும் கறுப்புக் கண்ணாடியோடும் நின்றார். கலாராணி தலையில் பூவளையம். படம் பிடித்தவர் சுமன்.

"அங்கிள், ஆன்ட்டியை முதல் தடவை பார்க்கிற மாதிரிப் பாருங்க."

பொன்னையா பார்த்தார்.

"அங்கிள், கரண்ட் பில்லைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீங்களே."

"மொதத் தடவையும் இப்படித்தான் பார்த்தாரு தம்பி," என்றார் கலாராணி. "நீங்க எடுங்க."

"சரி, இப்ப ஆன்ட்டியைத் தூக்குங்க."

"தூக்கி எங்க வைக்க?"

"வைக்க வேணாம். தூக்கினாப் போதும்."

தூக்கினார். இடுப்பில் 'மளுக்'கென்று ஏதோ பேசியது. அந்த நொடியில் அவர் முகத்தில் வந்த கோலத்தைச் சுமன் அப்படியே பிடித்துவிட்டார். "என்ன எக்ஸ்பிரஷன் அங்கிள்! இந்தக் காலத்துப் பையன்களுக்கு இது வராது!" இப்திகார் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, 'பரஸ்பர அன்பின் உச்சம்' என்று தலைப்பிட்டு விசா விண்ணப்பக் கோவையின் முதல் பக்கத்தில் வைத்தார்.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் பத்திரம் கூடக் கூடப் பலம் கூடும் என்பது பொன்னையாவின் சித்தாந்தம். ஆலோசகருக்கும் தெரியாமல், ஜீவனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் கோவையின் கடைசியில் சொருகிவிட்டார்.

கொழும்பில் தூதரகத்தில் நேர்முகம். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைக்கார அதிகாரி அம்மா. பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கார மொழிபெயர்ப்பாளர். அதிகாரி அம்மா கோவையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறந்தார்.

"ஐயா, இந்தப் பிறப்புப் பத்திரத்தில தாயும் தகப்பனும் விவாகமானவை எண்டு கிடக்கு," என்றார் மொழிபெயர்ப்பாளர். "தாயின்ர பேர் கலாராணி. ஓமோ?"

"ஆமாங்க."

"அப்ப உங்களுக்கு முந்தியே ஒரு கலியாணம் நடந்திருக்கு."

"அதுவும் இவங்கதாங்க."

அதிகாரி அம்மா தட்டச்சுவதை நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்த அம்மா பனிநாட்டுக்குப் போகேக்க, விவாகமாகாதவ எண்டு எழுதிக் குடுத்தவ. அந்தக் கலாராணியும் இந்தக் கலாராணியும் ஒராள் எண்டால், அம்மா பொய் எழுதியிருக்கிறா. குடியுரிமை போயிடும். ரெண்டு ஆள் எண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒராளோ, ரெண்டு ஆளோ?"

பொன்னையா மனைவியைப் பார்த்தார். கலாராணி கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேருங்க," என்றார் பொன்னையா.

அதிகாரி அம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"முதல் மனுசி இப்ப எங்கை?"

"குண்டசாலையிலதாங்க."

"சுகமா இருக்கிறாவோ?"

பொன்னையா மறுபடியும் பக்கத்தில் பார்த்தார். "கொஞ்சம் கோவமா இருக்காங்க."

அது நியாயமான கோபம்தான் என்று அதிகாரி அம்மா ஒப்புக்கொண்டார். ஆகவே முதல் மனைவியின் ஆட்சேபனையின்மைச் சத்தியக் கடதாசியும், இரு மனைவியரையும் வெவ்வேறாக அறிந்த அயலவரின் சாட்சியமும் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.

இப்திகார் எழுதினார்: "மேற்படி பொன்னையாவின் முதல் மனைவி கலாராணி ஆகிய நான், மேற்படியார் தமது இரண்டாம் மனைவி கலாராணியுடன் பனிநாடு சென்று இன்பமாக வாழ்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லையென இத்தால் பயபக்தியுடனும் உண்மையாகவும் வெளிப்படுத்துகிறேன்."

கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானின் மேசையில் கலாராணி பேனையைக் கீழே வைத்தார். "எனக்கு ஆட்சேபனை இருக்கு."

"என்ன புள்ள?"

"ஒங்க சட்டையைத் தோச்சு, ஒங்க புள்ளயப் பெத்து, காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சினது மொதக் கலாராணி. நோகாம வந்து இன்பமா வாழப்போறது ரெண்டாவது கலாராணியா? எந்த ஊரு நியாயம்ங்க இது?"

"ரெண்டும் நீதானே!"

"அதை எம்பஸியில சொல்லியிருக்கணும்."

'இன்பமாக' என்ற சொல்லை வெட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

அயலவர் சாட்சியத்துக்கு எங்கள் தெருவே திரண்டது. நல்ல காரியமல்லவா? ஒருவர் முதலாவது கலாராணி சேலை உடுத்துபவர், இரண்டாவது ஜீன்ஸ் போடுபவர் என்றார். இன்னொருவர் இரண்டாமவர் கொஞ்சம் நிறம் என்றார். மற்றொருவர் சொந்த ஆர்வத்தில், இருவரும் குழாயடியில் தலைமயிரைப் பிடித்துச் சண்டையிட்டதையும், 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்' என்று முதலாமவர் சத்தமிட்டதையும் கண்ணால் கண்டு காதால் கேட்டதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். சாட்சியம் என்றால் கொஞ்சம் உயிர் இருக்க வேண்டாமா?

விசா வந்தது. பெட்டிகளோடு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார்கள். விமானக் கவுண்டரில் இருந்த பெண் பொன்னையாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து "ஓகே" என்றாள். கலாராணியின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, கணினியைப் பார்த்து, மறுபடி கலாராணியைப் பார்த்தாள்.

"சொறி மேடம். நீங்க போக முடியாது. கணவரையும் அவருடைய புது மனைவியையும் தொந்தரவு பண்ணலாம் என்று, முதல் மனைவிக்குப் பனிநாட்டில் தடை போட்டிருக்கிறாங்க."

"நான் அந்த நாட்டுப் பிரஜைங்க!"

"பிரஜை இரண்டாவது மேடம். இந்தப் பேர், இந்தப் பிறந்த திகதி, இந்த முகம், எல்லாம் முதலாவது மேடத்துடையது. சத்தியக் கடதாசியில இருக்கு." பிறகு பொன்னையாவிடம் மரியாதையாகச் சொன்னாள்: "ஐயா போகலாம்."

பொன்னையா பெட்டியை வாசல் பக்கமாகத் தள்ளினார். "நீ இல்லாத எடத்துல பாணும் பருப்பும் திங்க நான் ஏன் பறந்து போகணும் புள்ள? குண்டசாலையிலயே கிடைக்குமே."

கலாராணி அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தார்கள். வாயில் மென்ற வெற்றிலையைத் துப்பும் முன்னே ஒரு சண்டை, அடுத்த வேளைச் சோற்றுக்குள் சமாதானம் என்று அந்த வீடு அமோகமாக நடந்தது.

பிறகு ஒருநாள் பொலிஸ் வந்தது. கணவரைக் கூட்டிவரப் போன தங்கள் பிரஜை கலாராணி நாடு திரும்பவில்லையே, என்ன ஆனார் என்று பனிநாடு எழுதிக் கேட்டிருந்தது. கூடவே குழாயடிச் சாட்சியத்தின் பிரதியும் இருந்தது.

"ரெண்டாவது நோனா எங்க?" என்றார் சார்ஜன்ட்.

"நான்தாங்க," என்றார் கலாராணி.

"அப்ப முதல் நோனா எங்க?"

"அதுவும் நான்தாங்க."

சார்ஜன்ட் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அலுமாரியைத் திறந்தும் பார்த்தார். "நீங்க ரெண்டு எண்டு சொன்னது. ஊர் ரெண்டு எண்டு சொன்னது. எம்பஸி ரெண்டு எண்டு சொன்னது. இங்க ஒண்டுதான் இருக்கு. மத்தது எங்க?"

கொன்ஸ்தாபிள்மார் மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போய் மரவள்ளிப் பாத்தியைக் கிண்டினார்கள். பொன்னையா ரோட்டுக்கு ஓடிவந்து கத்தினார்: "நீங்களாச்சும் சொல்லுங்களேன்யா, ஒருத்திதான்னு!"

தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டது. ஒருத்தி என்று சொன்னால் பொய்ச் சாட்சியத்துக்கு நாங்கள் மறியலில் கம்பி எண்ணப் போக வேண்டும். இரண்டு பேர் என்றால் கொலைக்குப் பொன்னையா போக வேண்டும். எல்லா வீட்டிலும் டிவி சத்தம் கூடியது.

சார்ஜன்ட் நல்ல மனிதர். மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றும் அகப்படாததால் ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை இரண்டு நோனாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கோவையை மூடிவிடலாம்.

ஆகவே இப்போது எங்கள் தெரு முழுவதும் பொன்னையாவுக்கு இன்னொரு மனைவி தேடி அலைகிறது. தரகு வேலை முழுக்கக் கலாராணிதான். வந்தவர்களில் ஒருத்தி ரொம்ப அழகு என்று தள்ளிவிட்டார், இன்னொருத்தி ரொம்ப இளசு என்று தள்ளிவிட்டார். பொன்னையா வாயைத் திறப்பதில்லை. நடுத்தர வயது, கொஞ்சம் நிறம், ஜீன்ஸ் போடச் சம்மதம் என்று உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள். ஆனால் யார் சொல்லி அனுப்பியது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் குழாயடிச் சண்டையைக் கண்ணால் கண்டு காதால் கேட்ட மனிதரைத்தான் பொலிஸ் இன்னும் தேடுகிறது.