மீதி மகானின் பலகை

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஞானம் கிடைத்தது. வரிசையில் நின்றால் போதும்.

அந்த வரிசை மாடிப்படியில் தொடங்கி, கடையைச் சுற்றி, எதிரே இருந்த கல்லூரி வாசல்வரை போய், வெட்கப்பட்டுத் திரும்பியிருந்தது. வெட்கப்பட வேண்டியதுதான். நின்றவர்கள் யார்? கணிதப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்த பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும். மூன்றாம் ஆண்டுக்கு நான்கு பிரிவுகள். தூய கணிதம், புள்ளியியல், கணினிக் கணிதம், காப்பீட்டுக் கணிதம். ஒன்றைத் தேர்ந்து, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, மாலை ஐந்து மணிக்குள் அலுவலகச் சன்னலில் நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு மகான் தேவைப்பட்டார்.

"கையைப் பார்க்க மாட்டாராம். பிறந்த தேதிகூடக் கேக்க மாட்டாராம்."

"அப்புறம் எதை வச்சு சொல்றாரு?"

"கணக்குப் போட்டுச் சொல்றாருங்க! சுத்தமான கணக்கு!"

"அப்ப இது சயின்ஸ்தான்."

"சயின்ஸுக்கும் மேலங்க!"

சயின்ஸுக்கு மேலா என்று எனக்குத் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்கு மேல் என்பது உறுதி.

அவருக்கு மீதி மகான் என்று பெயர். மனிதனிடமிருந்து வேண்டாததைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற மீதியில் அவன் எதிர்காலம் தெரியும் என்பது அவர் உபதேசம். கழிக்கிற வேலையைக் காசிலிருந்தே தொடங்கிவிடுவார். அதை வாங்கிக்கொள்ள மாடிப்படியின் அடியில் அவருடைய மச்சான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுத் துணைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. மகளோடு வந்த ஒரு அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. சாருக்கு என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"ஆஹா, ஊரையே மேல தூக்கி விடறவரு! பொண்ணு எந்தப் பிரிவு கேக்குது?"

"தூய கணிதமாம். அதுல என்ன இருக்குன்னு கேட்டா சிரிக்கிறா."

"வீட்டுல அவங்க?"

"நர்ஸ். இன்னைக்கு டூட்டி."

அந்த நர்ஸம்மா வந்திருந்தால் இந்தக் கதை இத்தனை நீளம் போயிருக்காது. வந்திருந்தது பெரியம்மா. சுவரில் ஈரம் கசிந்தால்கூட அதில் ஏதோ முகம் தெரிகிறது என்பவர்.

மச்சான் இரண்டு முறை இருமினார். இருமல் படியேறி மாடிக்குப் போனது. "நீங்க போங்க சார்," என்றார்.

பெண்ணுக்கு வீட்டில் நோண்டி என்று பட்டப்பெயர். எதைக் கையில் கொடுத்தாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று வகுப்பில் நிரூபித்துக் காட்டியபோது, சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டவள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், தூய கணிதம்தான் என்று. கையெழுத்துதான் பாக்கி.

உள்ளே ஒரு மேசை, ஒரு திரை. மகான் வெள்ளைக் கோட்டில் இருந்தார். கோட்டுப் பையில் வரிசையாகப் பேனாக்கள். கணக்கு வாத்தியாருக்கும் டாக்டருக்கும் நடுவில் எங்கோ நிற்கிற தோற்றம்.

"ரெண்டு இலக்க எண் ஒண்ணை மனசுல நினைச்சுக்கோம்மா. வெளியே சொல்லாதே. அதுதான் உன் ஆன்மா."

"நினைச்சுட்டேன்."

"அதுல இருக்கிற ரெண்டு இலக்கத்தையும் கூட்டு. அந்தக் கூட்டல்தான் உன் அகந்தை."

"கூட்டிட்டேன்."

"ஆன்மாவுலேர்ந்து அகந்தையைக் கழி."

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையெல்லாம் இந்தக் காலத்துல யாரு சொல்லித் தர்றாங்க!"

மகான் திரையை விலக்கினார். சுவரில் ஒரு பெரிய பலகை. பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். விளக்கு, தராசு, சக்கரம், பூட்டு, எல்லாம் கலந்துகட்டி.

"மீதி எந்த எண்ணோ அந்தக் கட்டத்தைப் பாரு. படத்தைச் சொல்லாதே! நான் சொல்றேன்."

நோண்டி நினைத்தது நாற்பத்தேழு. நாலும் ஏழும் பதினொன்று. கழித்தால் முப்பத்தாறு. முப்பத்தாறில் பூட்டு.

மகான் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். "பூட்டு!"

நோண்டியின் முகத்தைப் பார்த்தே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "பூட்டுன்னா எந்தப் பிரிவுங்க?"

"பூட்டுன்னா பாதுகாப்பு. பாதுகாப்புன்னா காப்பீட்டுக் கணிதம். வேலை நிச்சயம். அதுக்குன்னு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கு. நம்ம மச்சான்தான் நடத்தறாரு. தற்செயல்தான்."

"ஐயா, நான் தூய கணிதம் எடுக்கணும்னு..."

"பார்த்தீங்களா? கழிச்ச அகந்தை திரும்பி வந்து பேசுது," என்றார் மகான். திரையை இழுத்து மூடினார். "பலகை இளைப்பாறணும். அடுத்த ஆளு அஞ்சு நிமிஷம் கழிச்சு."

பலகை இளைப்பாறுமாம்! நாள் முழுக்கச் சுவரில் தொங்குவதற்கு அதற்கு என்ன களைப்போ.

படியில் இறங்கும்போதே நோண்டிக்கு உள்ளங்கை அரித்தது.

"அப்பா, நான் வேற எண்ணை நினைச்சிருந்தா?"

"நினைக்கலையே."

"நினைச்சிருந்தா? அம்பத்திரண்டுன்னு வச்சுக்கோங்க. அஞ்சும் ரெண்டும் ஏழு, கழிச்சா நாப்பத்தஞ்சு. அறுபத்து மூணுன்னா... அம்பத்து நாலு. எண்பத்தொண்ணுன்னா எழுபத்திரண்டு..." நின்றாள். "இருபத்தொன்பதுன்னா பதினெட்டு. ஐயோ!"

"என்னடி ஐயோ?" என்றார் பெரியம்மா.

நோண்டி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. "ஒன்பதாம் வாய்ப்பாடு! எதை நினைச்சாலும் மீதி ஒன்பதாம் வாய்ப்பாட்டுலதான் போய் விழும்! அந்தக் கட்டத்துல எல்லாம் ஒரே படத்தைப் போட்டு வச்சுட்டாரு. மத்த கட்டமெல்லாம் சும்மா கண்துடைப்பு! பலகையை மாத்தினா படம் மாறும். அதுக்குத்தான் இளைப்பாறல்!"

வரிசையில் நின்றவர்கள் காது கொடுத்தார்கள். அடங்குவார்கள் என்று நினைத்தீர்களா?

"எல்லாருக்கும் ஒன்பதா?" பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார். "தம்பி, கேட்டீங்களா மகிமையை! வாய்ப்பாட்டையே வசப்படுத்தி வச்சிருக்காரு!"

"வாய்ப்பாட்டையேவா!" என்றது வரிசை. பின்னாலிருந்தவர்கள் ஒரு படி முன்னேறினார்கள்.

"பெரியம்மா, இது ஆறாங்கிளாஸ் கணக்கு!"

"உன் நிரூபணத்தையெல்லாம் உன் வகுப்போட வச்சுக்கோ."

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இங்க பாரும்மா. அவர் சொல்றதும் எனக்குப் புரியல, நீ சொல்றதும் புரியல. ரெண்டும் புரியாதப்ப கோட்டுப் போட்டவர் சொல்றதைக் கேக்கறதுதான் நல்லது."

"அப்ப புரியற மாதிரி காட்டட்டுமா? பேனாவை மூடி வைங்கப்பா. மை காஞ்சுடும்."

மதியத்துக்கு மேல் மகான் மாடி வராந்தாவுக்கு வந்து வரிசைக்குத் தரிசனம் கொடுப்பார். அன்றும் வந்தார். நோண்டி கீழே நின்று கையைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு பணிவை அவள் வீட்டில்கூட யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, ஒரு விண்ணப்பம். அஞ்சு மணிக்கு சன்னலை மூடிருவாங்க. வரிசையில இன்னும் இத்தனை பேரு நிக்கறாங்க. ஒருத்தர் ஒருத்தரா உள்ள வந்தா பாதிப் பேருக்கு எதிர்காலமே கிடைக்காம போயிடும். பலகையை வெளியில மாட்டுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல அகந்தையைக் கழிச்சுக்கறோம்."

மகானுக்கு முகம் மாறியது. "கூடாது. கூட்டத்துல மீதி கலங்கும்."

ஆனால் ஐந்து மணி என்ற சொல் வரிசைக்குள் புகுந்துவிட்டது.

"ஆமாங்க, எங்களுக்கு எப்ப நேரம் வரும்?"

"காசு முன்னாடியே வாங்கிட்டீங்களே!"

"உங்க சக்திக்குக் கூட்டம் ஒரு தடையாங்க?" இதைக் கேட்டது பெரியம்மா. முழு பக்தியோடு கேட்டார். "நீங்க நினைச்சா கலங்குமா? தம்பி, போய்ப் பலகையைத் தூக்கிட்டு வாங்க!"

மகானைக் கவிழ்த்தது நோண்டி இல்லை. அவருடைய சீடர்கள்தான்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்குக் கனமான சாமான் தூக்குவது பழக்கம். உள்ளே போனார், சுவரிலிருந்து பலகையைக் கழற்றினார், கொண்டுவந்து வராந்தாக் கம்பியில் சாய்த்தார். கீழே தெருவே அண்ணாந்து பார்த்தது.

"எல்லாரும் ஆளுக்கொரு ரெண்டு இலக்க எண் நினைச்சுக்கோங்க!" நோண்டி படியில் ஏறி நின்று கத்தினாள். "பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சொல்லிக்குங்க. ரெண்டு பேருக்கும் வேற வேறயா இருக்கணும். கூட்டுங்க! கழிங்க! கட்டத்தைப் பாருங்க! இப்ப சொல்லுங்க!"

"சக்கரம்!" என்றது தெரு.

முதலில் ஒரே குதூகலம்.

"உங்களுக்கும் சக்கரமா? அட, எங்க பையனுக்கும் சக்கரம்!"

"நாம சம்பந்தியாவே ஆயிடலாம் போலிருக்கே!"

"எனக்கும் சக்கரம்!" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். அவருக்கு ஐம்பது வயது. எந்தப் பிரிவிலும் சேர்கிற உத்தேசம் இல்லை.

"எனக்கும்," என்றார் டீ கொண்டுவந்தவர். தெருவோடு போன தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு எண் நினைத்தார். சக்கரம். குதூகலம் மெதுவாகக் கால் தடுக்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "எனக்கு தராசு!"

மகானுக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா! பார்த்தீங்களா! மீதி ஆளுக்கு ஆள் வேறதான்! அந்தப் புண்ணியவானை மேல வரச் சொல்லுங்க!"

புண்ணியவான் வந்தான். கூடவே முக்காடு போட்டுக்கொண்டு அவன் அம்மாவும் வந்தார். நோண்டி உற்றுப் பார்த்தாள். கணிதத் துறைத் தலைவி! பிள்ளைக்கு யார் கண்ணிலும் படாமல் பிரிவு கேட்க வந்திருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழிகாட்டுகிறவர்.

"என்ன எண் நினைச்சே?" என்றாள் நோண்டி.

"எண்பத்தஞ்சு."

"எட்டும் அஞ்சும்?"

"பதிமூணு."

"எண்பத்தஞ்சுல பதிமூணு போனா?"

"எழுபத்து மூணு," என்றான் பையன் பெருமையாக. "எழுபத்து மூணுல தராசு."

துறைத் தலைவி, தன்னை மறந்து, வகுப்பறைக் குரலில்:

"எழுபத்திரண்டுடா, மடையா!"

எழுபத்திரண்டில் சக்கரம்.

தெரு குலுங்கியது. தபால்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மூன்றாம் ஆண்டுக்குப் போகிற கணித மாணவன்! மகானின் சக்தியிலிருந்து தப்பியவன் அன்று ஒருவன்தான். கழிக்கத் தெரியாததால் தப்பினான்.

"எனக்குக் காலையில இதே எண்ணுக்குப் பூட்டுன்னு சொன்னாரே!" என்று ஒருவர் கிளம்பினார்.

"அந்தப் பலகை உள்ளதான் இளைப்பாறுது," என்றார் அப்பா. போனார், இன்னொன்றைத் தூக்கி வந்தார்.

"பூட்டு!" என்றது தெரு.

இன்னொன்று.

"தராசு!"

கடைசியாக ஒன்று. அதன் மேல் தூசி படிந்திருந்தது. அதை யாருக்கும் காட்டவே இல்லை போலிருக்கிறது.

"விளக்கு!"

நோண்டி மட்டும் அந்தத் தூசியைக் கையால் துடைத்தாள். நான்கு பிரிவில் மிஞ்சியது தூய கணிதம்; அதற்கு மச்சானிடம் பயிற்சி வகுப்பு கிடையாது போலும்.

பெரியம்மா வராந்தாச் சுவரில் சாய்ந்திருந்தார். "தம்பி, நான் திருட்டுத்தனம் பண்ணிப் பார்த்தேன். முதல் பலகையில யாருக்கும் சொல்லாம எண்ணை மாத்தி மாத்தி நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் சக்கரம். சக்கரமா வர்றதுக்கு நான் என்ன பஸ்ஸா?"

"அண்ணி," என்றார் அப்பா, "எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே மாடிக்குப் போற லிஃப்டை நான் ரிப்பேர்னுதான் சொல்வேன். மகான்னு சொல்ல மாட்டேன்." மகானைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்குங்க இத்தனை பலகை?"

"ஆன்மாவுக்கு ஆன்மா..." என்று மகான் தொடங்கினார்.

கீழே மச்சான் இருமினார். ஒருமுறை, இருமுறை, பிறகு விடாமல். அந்த இருமலுக்கு ஓடு என்று பொருள் போலும். வெள்ளைக் கோட்டு பின்படி வழியாக இறங்கியது. தபால்காரர் பின்னாலேயே சைக்கிளை மிதித்தார். தெருமுனையில் மச்சான்மாரை மடக்கிக் கொண்டுவந்தார்கள். வாங்கிய காசு வரிசை கலையாமல் திரும்பி வந்தது. அந்த வரிசையில் நின்றவர்கள் அன்று உருப்படியாக நின்றது அப்போதுதான்.

அலுவலகச் சன்னலுக்கு முன்னால் அப்பா பேனாவைத் திறந்தார். மை காயவில்லை.

"தூய கணிதம் எடுத்தா வேலை கிடைக்குமா?"

"தெரியாதுப்பா."

"அந்த மனுஷனாவது கிடைக்கும்னு அடிச்சுச் சொன்னான்."

"அவனுக்குக் கிடைச்சதுப்பா வேலை. மூணு வருஷம் முன்னாடி இதைப் படிச்சவங்க என்ன பண்றாங்கன்னு கேட்டு வச்சிருக்கேன். ஒருத்தி வாத்தியார், ஒருத்தர் வங்கியில, ஒருத்தன் இன்னும் தேடிட்டிருக்கான். அதையும் சேர்த்துதான் சொல்றேன். ஆனா காலையில எழுந்தா எனக்கு இதைத்தான் நோண்டணும்னு தோணுது."

அப்பா யோசித்தார். அன்று அந்தத் தெருவில் ஒரு பெற்றவர் யோசித்ததை முதன்முதலாகப் பார்த்த சன்னல்கார அம்மா, சன்னலை மூட மணி அடிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள்.

"இவன் போலி. அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்காராம். காது மடலைப் பார்த்தே எந்தப் பிரிவுன்னு சொல்லிடுவாராம்."

"அப்படியா? எங்க பையனுக்குப் பார்க்கணுமே, எந்த வீடு?"

அப்பா திரும்பினார். "காதைப் பார்க்கறதுக்கு எதுக்குங்க அடுத்த தெரு? பையன் பக்கத்துலதான் நிக்கறான். அந்தக் காதுல நீங்களே கேளுங்க, உனக்கு என்னடா பிடிக்கும்னு."

பையன் திடுக்கிட்டான். பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பெற்றவருக்கும் அப்படி ஒரு வழி இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அகந்தையைக் கழிக்கச் சொன்னான் ஒருவன். ஊரே அறிவைக் கழித்துக்கொண்டு நின்றது. அடுத்தவன் எதைக் கழிக்கச் சொன்னாலும் கழியுங்கள். கழுத்துக்கு மேல் இருப்பதை மட்டும் மீதி வையுங்கள்.