வாஷிங் மெஷின் மேல் ஓர் அரசியலமைப்பு

வாஷிங் மெஷின் மேல் வைத்து விடைத்தாள் திருத்துவதில் ஒரு சிக்கல். அது துணி பிழிய ஆரம்பித்தால், போட்ட ஒன்று ஏழாகிவிடும். குடிமையியல் ஆசிரியருக்கு வேறு இடமில்லை. அவர் வழக்கமாகத் திருத்தும் அறையில் மனைவியின் தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வேலை போய், "நாலே நாள், மாமா" என்று பெட்டியோடு வந்தவன். மாதங்கள் ஓடிவிட்டன.

வகுப்பில் பேச்சுரிமை பற்றி முழங்குகிறவருக்கு வீட்டில் "கிளம்புப்பா" என்று சொல்ல நாக்கு எழவில்லை. தன் வீரம் அவருக்கே தெரிந்ததுதான். எனவே, வீட்டுக்கு ஓர் அரசியலமைப்பு எழுதினார். சட்டம் இயற்ற மனைவி, நீதி சொல்ல வீட்டுப் பெரியவர், நிர்வாகம் தான்.

"நிர்வாகம்னா என்னப்பா?" என்றாள் மகள்.

"சட்டத்தை நிறைவேத்தறதும்மா."

"அப்ப முதல் சட்டம்," என்றாள் மனைவி. "ராத்திரியே பாத்திரம் கழுவிடணும். நிறைவேத்துங்க!"

நிர்வாகம் முழங்கை வரை நுரையோடு நின்றது.

அறையை மீட்க, அடிப்படை உரிமைகளைச் சேர்த்தார். "தனிமை எல்லாருக்கும் உரிமை!"

"அருமை, மாமா!" என்று மைத்துனன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

அடுத்து, கடமைகள். அவரவர் துணியை அவரவரே துவைக்க வேண்டும். மைத்துனன் கடமை தவறாதவன். மெஷின் நாள் முழுக்க ஓடியது. அந்த ஆட்டத்தில் திருத்தியதில் வகுப்பில் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். "கேள்வியையே திருப்பி எழுதினவனுக்கு எழுபத்தேழா? இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்க வகுப்பை டிரில் மாஸ்டர்கிட்ட கொடுத்துடுவேன்."

ஆசிரியர் அன்று மாலையே குடியுரிமைப் பிரிவை எழுதி, எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தார்.

"வெளியில் இருந்து பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவர் விருந்தினரே. விருந்தினர் ஒரு வாரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும்."

மனைவி ஏனோ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். மைத்துனன் முகம் சுண்டிவிட்டது. ஆசிரியருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்," என்று பெரியவரிடம் தாளை நீட்டினார்.

இத்தனை நாளும் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்த பெரியவர் அதைக் கீழே வைத்தார்.

"சட்டம் செல்லும், மாப்பிள்ளை. ஆனா அவன் இந்த வீட்டுலயே பொறந்தவன், திரும்பி வந்திருக்கான். கல்யாணமான மறுநாள் வெளியில இருந்து பெட்டியோட வந்தது நீங்க ஒருத்தர்தான்."