புதன்கிழமை மூன்றாவது பீரியட்

"எல்லாரும் ஏறிட்டா பையை யாரு பாத்துக்கறது?"

"அதுக்குத்தான் பையே வேணாம்னு..."

"தண்ணி வேணாமா? மாத்திரை வேணாமா? பசங்களுக்கு மாத்துத்துணி வானத்துலேர்ந்து விழுமா?"

"...சொல்லிட்டிருக்கேன்! முழுசா சொல்ல விடுக்கா!"

"நீ முழுசா சொல்லி எதுடா உருப்பட்டிருக்கு?"

அக்காவும் தம்பியும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருக்க, டீச்சர் ஒரு கையில் பென்சிலும் மறு கையில் ரப்பருமாகச் சுவரோரம் நின்றிருந்தாள். சுவரில் ஒரு பெரிய சார்ட் பேப்பர். மேலே ஒன்பது கட்டம், ஒவ்வொன்றும் ஒரு ராட்டினம். பக்கவாட்டில் பதினேழு பேர். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் அறுபது ஆசிரியர்களுக்கு டைம்டேபிள் போடுகிறவள் வீட்டிலேயே இருக்கும்போது, தீம் பார்க் போகிற திட்டத்தை வேறு யார் தலையில் கட்டுவார்கள்? புகுந்த வீட்டில் சின்னது பெரிசு அத்தனையும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கட்டிய கணவர் உட்பட.

கூச்சல் போடும் அக்கா, கணவருக்கு மூத்தவள், பேக்கரி நடத்துகிறாள். தம்பி, கணவருக்கு இளையவன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். சிவப்பு விளக்கையே சட்டை செய்யாமல் பறக்கிறவனுக்கு மொட்டைமாடிக்குப் போனால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கணவர் மூலையில் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணாடிக் கடை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் ஸ்டூலைப் பிடிக்க ஒரு ஆள், அவரைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்படுகிற மனிதர். ஆறு மாதமாக முதுகுவலி வேறு. கடை விடுமுறை நாளில் எங்கேயோ போய் இழுத்துவிடுகிற சிகிச்சை எடுத்துக்கொள்கிறார். அங்கே தலைகீழாகத் தொங்கவிடுகிறார்களாம். அதற்காகவே மூக்குக்கண்ணாடியை எலாஸ்டிக் கயிற்றால் பின்னந்தலையோடு கட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ கஷ்டப்பட்டு அந்தப் பார்க்குக்குத்தான் போகணுமா? ஒரே தூசி. கடற்கரைக்குப் போலாமே" என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் டீச்சர்.

அவள் அப்படிச் சட்டென்று பேசுகிறவள் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவளால் சும்மா இருக்க முடியாது.

போன வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அந்தப் பூங்கா வந்தது. ஆசிரியர் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், வீட்டுக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலே ரோலர் கோஸ்டரின் உச்சி மட்டும் தெரியும். வாரத்தில் அவளுக்கு ஓய்வென்று மிஞ்சுவது புதன்கிழமை மூன்றாவது பீரியட் ஒன்றுதான். அந்த நாற்பது நிமிடமும் அவள் ஜன்னலை விட்டு நகர மாட்டாள். சிவப்பு வண்டி எறும்பு ஊர்வதுபோல் ஏறும். உச்சியில், உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஒரு கணம் நிற்கும். அப்புறம் காணாமல் போய்விடும். எங்கிருந்தோ ஒரு கூக்குரல் காற்றில் வந்து ஜன்னல் கம்பியில் முட்டும். திருத்த வேண்டிய நோட்டுக் குவியலின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் அப்படியே சிலையாக நிற்பாள்.

அதிலும் அந்த ஒருவர். புதன்கிழமை தவறினாலும் தவறாத முன்சீட்டுக்காரர். வண்டியில் எல்லாரும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார்கள்; அவர் மட்டும் இரண்டு கையையும் தூக்கியிருப்பார். இத்தனை தூரத்துக்கு இரண்டு தீக்குச்சிகள் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தத் தீக்குச்சிகளைப் பார்த்த நாளெல்லாம் டீச்சருக்கு அடுத்த பீரியடில் குரல் கொஞ்சம் ஓங்கியே இருக்கும்.

ஒரே ஒரு தடவை அதில் ஏற வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அதற்காக முதலில் ஆட்களைத் தைரியப்படி மூன்று பிரிவாகப் பிரித்தாள். அ பிரிவு, எதிலும் ஏறுகிறவர்கள். ஆ பிரிவு, யோசித்து ஏறுகிறவர்கள். இ பிரிவு, தரையை விட்டுக் காலை எடுக்காதவர்கள்.

"என்னை எதுக்கு அண்ணி இ-ல போட்டீங்க?" தம்பி எழுந்தே விட்டான்.

"நீங்கதான தம்பி போன மாசம் மாடில துணி காயப்போட மாட்டேன்னு..."

"அது துணி! இது வேற! என் பொண்டாட்டியே அ-ல இருக்கா, நான் இ-யா?"

"அப்ப நானும் அ-தான்" என்றாள் அக்கா. "எனக்கென்ன குறைச்சல்? நூத்தம்பது டிகிரி அடுப்புக்குள்ள கையை விடறவ நான்."

அரை மணி நேரத்தில் பதினேழு பேரும் அ பிரிவுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தை கூட. மானப் பிரச்சினை தீர்ந்தது. பைப் பிரச்சினை முளைத்தது. எல்லாரும் ஏறினால் பையை யார் பார்ப்பது?

டீச்சர் பள்ளிக்கூட வழக்கப்படி ராட்டினத்துக்கு ஒருவர் என்று முறை போட்டாள். தம்பி தன் முறையைத் தண்ணீர்ச் சறுக்கு நேரத்திலிருந்து மாற்றச் சொன்னான். மாற்றியதில் அக்காவின் முறை குட்டி ரயில் நேரத்தில் விழுந்தது. ரயில்தான் அக்கா உண்மையில் ஏற நினைத்த ஒரே வண்டி. அதை மாற்றியதில் தம்பி மனைவிக்கு அடுத்தடுத்து மூன்று முறை வந்தது. "நான் என்ன பை தூக்கவா கல்யாணம் பண்ணிட்டு வந்தேன்?" என்று அவள் கேட்டாள். ரப்பர் தேய்ந்து பாதியானது. சார்ட் பேப்பரில் ஒரு கட்டத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

கடைசியில் செய்தித்தாள் மடிந்தது.

"பையை நான் பாத்துக்கறேன். முதுகை வச்சுக்கிட்டு நான் எதுல ஏறப்போறேன்?"

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. "அண்ணன் அண்ணன்தான்" என்றான் தம்பி.

அதோடு விட்டிருந்தால் போதும். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம்டா அவன். ஒத்தையா நாள் முழுக்கப் பைகூட உட்கார்ந்திருக்கணுமா? துணைக்கு ஒரு ஆள் போடு டீச்சர்."

"துணையெல்லாம் வேணாம்" என்றார் அவர் அவசரமாக.

"நீ பேசாதே. முதுகு பிடிச்சுக்கிட்டா யாரு நிமித்துவாங்க?"

மறுபடியும் முறை. மறுபடியும் ரப்பர். பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு: யாராவது வராத நாளில் யார் சண்டை போட மாட்டார்களோ, அவர்கள் பெயரைக் காலிக் கட்டத்தில் போட்டுவிடுவாள். இருபது வருடமாக அந்தப் பெயர் பெரும்பாலும் அவளுடையதுதான். கை தானாகவே எழுதிவிட்டது. எல்லாம் முடிந்து, எல்லாருக்கும் திருப்தியாகி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்பது கட்டத்திலும் பைக்குப் பக்கத்தில் டீச்சர்.

"அருமையா போட்டிருக்கீங்க அண்ணி!" என்றான் தம்பி.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சனிக்கிழமை காலை பதினேழு பேரும் வாசலில் இறங்கினார்கள். வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த கூட்டம், நிமிர்ந்து பார்த்ததும் வாயடைத்துப் போனது. ஜன்னலில் விரல் நீளம் தெரிந்த உச்சி, இங்கே மேகத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இத்தனை இரும்பை யார் இப்படி ரிப்பன் மாதிரி முறுக்கினார்கள்? தலைக்கு மேலே வண்டி இறங்கியபோது காலடித் தரை அதிர்ந்து, அந்த அதிர்வு செருப்பு வழியாக நெஞ்சு வரைக்கும் வந்தது. இரண்டு வயதுக் குழந்தை அழவில்லை. வாயைத் திறந்தபடி ஒரு விரலை மட்டும் மேலே நீட்டியது.

"இதுல மனுஷங்க ஏறுவாங்களா?" என்றாள் அக்கா மெதுவாக.

"நாம ஏறுவோம்" என்றான் தம்பி. அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

பூங்காவின் நேரம் வேறு, சார்ட்டின் நேரம் வேறு. பத்தரைக்கு ரயில் என்று டீச்சர் எழுதியிருந்தாள். ரயில் பதினொன்றுக்குத்தான் கண்ணே விழித்தது. ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டங்கள் இடம் மாறி, பதினொன்றரைக்கே எல்லாரும் ரோலர் கோஸ்டர் வரிசைக்குள் போய்விட்டார்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு தம்பியின் மாமியார் ஐஸ்கிரீம் பக்கம் நடந்தாள். பெஞ்சில் பதினோரு பை, கணவர், டீச்சர்.

வண்டி மேலே ஏறுவதை அவள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொன்னதே இல்ல" என்றாள். "புதன்கிழமை புதன்கிழமை இதுல ஒருத்தர் முன்சீட்டுல போவார். ரெண்டு கையையும் விட்டுட்டு. ஸ்கூல் ஜன்னல்லேர்ந்து பாப்பேன். அவரைப் பாத்துதான் எனக்கே ஏறணும்னு ஆசை வந்துச்சு. யாரு பெத்த பிள்ளையோ, என்ன நெஞ்சழுத்தமோ!"

 கணவர் பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார். அது அவருடைய பையே இல்லை. அதில் குழந்தையின் மாத்துத்துணிதான் இருந்தது.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றாள் அவள் பெருமூச்சோடு.

அப்போது வரிசைக்குள்ளிருந்து இரண்டு பேர் எதிர்த்திசையில் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். அக்காவும் தம்பியும். சின்ன வயதில் இருட்டில் நடந்ததுபோல் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

"முன்சீட்டாம் அண்ணி! எங்க ரெண்டு பேருக்கும் முன்சீட்டாம்!" தம்பிக்கு மூச்சு வாங்கியது. "கம்பியைப் பூட்டறதுக்குள்ள தப்பிச்சோம். நகருங்க, பையை நான் பாத்துக்கறேன். சாயங்காலம் வரைக்கும் நானே பாத்துக்கறேன்."

"நான் இவன் முதுகைப் பாத்துக்கறேன்" என்று அக்கா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நீ போ டீச்சர். ஓடு!"

டீச்சர் எழுந்தாள்.  இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு காலிக் கட்டம் அவளுக்காக விழுந்திருக்கிறது. இரண்டடி எடுத்து வைத்தவள், பழக்க தோஷத்தில் திரும்பினாள்.

"நீங்க சாஞ்சு உட்காருங்க. குனியாதீங்க. வலிச்சா தம்பியைக் கூப்பிடுங்க."

அவர் எழுந்து நின்றிருந்தார். கண்ணாடிக் கயிற்றைப் பின்னந்தலையில் இறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு திருட்டுக் களை.

"டீச்சர், உன்கிட்ட நானும் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் நீலச் சீருடையும் கழுத்தில் விசிலுமாக, சீட்டுக் கம்பியைப் பூட்டுகிற பெண், ஓடிப்போன இரண்டு பேரைத் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, புதன்கிழமை சார்! என்ன, சனிக்கிழமையே வந்துட்டீங்க? வாங்க, உங்க முன்சீட்டு காலியாத்தான் இருக்கு... ஆனா வழக்கம்போல ரெண்டு கையையும் தூக்கறதுன்னா பக்கத்து சீட்டு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க சார், பாவம், பயந்துடப் போறாங்க!"