இருநூற்று ஐம்பத்தெட்டுக் குதிரைகளும் ஓர் இடுக்கியும்

அன்புள்ள மச்சான் டெல்பர்ட்டுக்கு,

ஃப்ளின்டிலிருந்து எல்வுட், தன் கையாலேயே எழுதுவது. நூலகத்து வகுப்பில் எழுபத்தாறு வயதில் எழுதப் படிக்கக் கற்ற நான், முதல் கடிதம் உனக்குத்தான் என்று வைத்திருந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்; நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது. அறுவை சிகிச்சை செய்த முழங்கால் சுகந்தானே? சீக்கிரம் ஆறி, முன்போல மடங்கட்டும்.

நம் இருவர் வண்டியும் ஒரே வருஷம், ஒரே இன்ஜின். உன்னுடையதில் கையால் கியர் போட வேண்டும், என்னுடையதில் அதுவே போட்டுக்கொள்ளும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, "உன்னோடது வண்டியா மாப்ள? சக்கரம் வெச்ச சோபா! பாதிக் குதிரை கியர்பாக்ஸுக்குள்ளயே படுத்துத் தூங்குது" என்று காலமெல்லாம் சொல்லிவருகிறாய். எவன் வண்டிக்குக் குதிரைத்திறன் அதிகமோ அவன்தான் ஜூலை நான்கு சுதந்திர தின விருந்தில் கறி சுடும் இடுக்கியைப் பிடிப்பது என்று சட்டம் போட்டவனும் நீ. நான் வருஷா வருஷம் காகிதத் தட்டோடு உன் பின்னால் நிற்கிறேன்.

போன சனிக்கிழமை மெக்கானிக் கர்ட்டின் பட்டறையில் இரண்டையும் அளந்துவிட்டோம். வண்டியை உருளை மேல் ஏற்றி, வாரால் கட்டி முடுக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது, திரையில் எண் வரும். முதலில் என் வண்டி. விசிறிக் காற்றில் என் தொப்பி பறந்துபோய்க் கர்ட்டின் நாய் தலையில் உட்கார்ந்தது, நாய் குரைத்தது, ஆனாலும் இருநூற்று ஐம்பத்தெட்டு! பக்கத்தில் 'குதிரைத்திறன்' என்று இருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீ கத்திக் கத்திச் சொன்ன சொல், எழுத்தில் எவ்வளவு சாதுவாக இருக்கிறது! அடுத்து உன் வண்டி. உன்னால் மிதிக்க முடியாதே என்று உன் தங்கை வில்டாவே ஏறி உட்கார்ந்தாள். முடுக்கினாள், புகை வந்தது, கருகல் வாடை வந்தது, நாய் என் தொப்பியோடு தெருவுக்கு ஓடியது, இருநூற்று நாற்பத்தொன்றுதான் வந்தது.

கர்ட் எட்டிப் பார்த்தான். "அக்கா, கிளட்ச்லேர்ந்து காலை எடுக்கவே இல்லியா?"

"கால் வைக்க ஒரு எடம் இருந்துச்சு, வெச்சேன். அதுக்குத்தானே வெச்சிருக்கான்?"

"காலை எடுத்துட்டு இன்னொரு தரம் ஓட்டுங்க. இந்த வண்டிதான் கொஞ்சம் அதிகமாக் காட்டும்."

"இன்னொரு தரமா? வாரை அவுருடா" என்றேன் நான்.

என் வண்டியில் அப்படிக் கால் வைக்க மிதியே கிடையாது, மச்சான். அதுதான் அதன் பலம். ஆகவே வருகிற ஜூலை நான்கில் இடுக்கி என் கையில். காகிதத் தட்டு உன் கையில். சோளமும் நானே சுடுவேன். உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் சோபாக்காரன் எல்வுட்

பின்குறிப்பு: வீடு ஏன் இவ்வளவு அமைதி என்று இப்போதுதான் தலையைத் தூக்கினேன். வில்டா வெள்ளித்தாள் மூடிய தட்டோடு உள்ளே வருகிறாள். "எத்தனை தடவை கூப்பிட்டேன்! 'இன்னும் ஒரே வரி'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நாலு நாளா இதே கடிதம்! இன்னிக்குத்தான் ஜூலை நாலு, விருந்தே முடிஞ்சாச்சு. அண்ணன் நாற்காலில உக்காந்துக்கிட்டே எல்லாத்தையும் சுட்டுட்டாரு" என்கிறாள். விலாக்கறி நன்றாகத்தான் இருக்கிறது, மச்சான். கடிதத்தைக் கிழித்துவிடாதே, பாடுபட்டு எழுதியது. 'வருகிற ஜூலை' என்பதை 'அடுத்த ஜூலை' என்று திருத்திக்கொள். முழங்கால் சீக்கிரம் ஆறட்டும் என்ற வரியை மட்டும் அடித்துவிடு. நீயே மிதித்தால் எனக்கு ஆபத்து.