கரிக்கட்டைக்கு நரை விழுந்தது

“இது என் நாய் இல்ல” என்றார் சந்தேகம்.

முடி திருத்தும் பெண் கையில் கத்தரிக்கோலோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேசைமேல் நின்றிருந்த குட்டியும் அவரை ஏற இறங்கப் பார்த்தது.

“உங்க நாய்தான் சார். காலையில நீங்கதானே கொண்டுவந்து விட்டீங்க?”

“நான் விட்டது கருப்பு. இது சாம்பல்.”

“வெட்டினதும் இப்படி ஆயிடுச்சு.”

“முடியை வெட்டினா முடி குறையும். நிறம் எப்படிம்மா மாறும்?”

“எனக்கென்ன சார் தெரியும்? நானே கடைக்குப் புதுசு. வெட்டுறது என் வேலை. நிறம் என் பொறுப்பு இல்ல.”

சந்தேகம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காப்பீட்டு அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. தீப்பிடித்தது, திருட்டுப் போனது, தண்ணீர் புகுந்தது என்று யார் இழப்பீடு கேட்டு வந்தாலும் “நிஜமாகவா?” என்று கேட்பதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கணவர் இறந்துபோன விஷயமாக வந்த ஒரு பெண்ணிடம், “இவர் இதுக்கு முன்னாடி இப்படிச் செஞ்சதுண்டா?” என்று அவர் கேட்டதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

தரையில் கருப்புச் சுருள்கள் குவிந்து கிடந்தன. அந்தப் பெண் துடைப்பத்தால் அவற்றைச் சுட்டிக்காட்டினாள். “இதோ பாருங்க. உங்க கருப்பு இங்க இருக்கு.”

“இது எந்த நாயோடதா வேணாலும் இருக்கலாம்.”

“அப்போ பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க.”

“கரிக்கட்டை” என்றார் சந்தேகம், நம்பிக்கை இல்லாமல்.

சாம்பல் குட்டி மேசையிலிருந்து நேராக அவர் நெஞ்சில் பாய்ந்தது. மூக்குக்கண்ணாடியை நக்கியது. சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவிக் கடிக்கத் தொடங்கியது. கடித்த விதத்தில் தெரிந்துவிட்டது. அவர் வீட்டிலுள்ள நாற்காலிக் கால்கள் அத்தனையிலும் இதே பல்வரிசைதான் பதிந்திருந்தது.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சார், தப்பா நினைக்காதீங்க. பயத்துல ஒரே நாள்ல நரைச்சுப்போன ஆளுங்க இருக்காங்கன்னு சொல்வாங்க. வீட்டுல இதை ஏதாவது திட்டினீங்களா?”

சந்தேகம் குட்டியைப் பார்த்தார்.

திட்டியிருந்தார். கொஞ்சநஞ்சமாக இல்லை.

மினியேச்சர் பூடில் என்கிற சுருள்முடிக் குட்டை நாய் வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. அறுவை சிகிச்சைக் கூடத்தில் தலைமைச் செவிலியான அவள், எதையும் அலசிப் பார்க்காமல் செய்யமாட்டாள். எங்கெங்கோ விசாரித்து, வரிசையில் காத்திருந்து, ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். “வீட்டுல ஏற்கெனவே ஒருத்தனுக்கு முடி கொட்டுது, இன்னொண்ணு எதுக்கு?” என்று சந்தேகம் கேட்டார். “இதுக்குக் கொட்டாதுங்க, வளர்ந்துகிட்டே இருக்கும்” என்றாள் அவள். அவருக்கு அது குத்தலாகப் பட்டது. துண்டுக்குள் எட்டிப் பார்த்து, “கரிக்கட்டை” என்றார். குட்டி வளர்ப்பில் அதுவரை அவருடைய பங்கு அவ்வளவுதான்.

குட்டி வந்த சூட்டிலேயே அவளுக்கு வெளிநாட்டில் சில மாதப் பயிற்சி வாய்த்தது. புறப்படுகிற அன்று பெட்டியின்மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தபடியே சொன்னாள். “தினமும் சீவணும். மேலாக்கா இல்ல, அடிமுடி வரைக்கும் சீப்பு போகணும். சிக்கெடுக்காம குளிப்பாட்டாதீங்க. கொஞ்சம் வளர்ந்ததும் கடைக்குக் கூட்டிட்டுப் போய் முடி வெட்டிட்டு எனக்குப் படம் அனுப்புங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்.”

கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார்.

சீவத்தான் செய்தார், ஆனால் மேலாக்காக. வெளியே பார்க்கக் குட்டி ஒரு சின்ன மழைமேகம் போல அழகாகத்தான் இருந்தது. உள்ளே முடி ஒன்றோடொன்று கைகோத்துச் சடை பிடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஒருநாள் அது சேற்றில் புரண்டு வந்தது. குளிப்பாட்டினார். சுடுநீரில் நனைத்த கம்பளிச் சட்டை மாதிரி எல்லாம் இறுகிச் சுருங்கி, சீப்பு போகாதது ஒருபுறம், விரல் நுழையவே இடமில்லாமல் போயிற்று.

சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தார். வலப்பக்கம் ஒரு முடிச்சை வெட்டினார், பள்ளம் விழுந்தது. இடப்பக்கத்தையும் அதற்குச் சமமாக வெட்டினார், அது இன்னும் ஆழமாக விழுந்தது. இரண்டையும் சரிசெய்யப்போய் முதுகு குண்டும் குழியுமாக ஆயிற்று. குழிகளின் அடியில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்ததைத் தோல் என்று நினைத்தார். அந்த நேரமெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் எழுதமுடியாத வார்த்தைகளை அவர் குட்டியை நோக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் இந்தக் கடைக்குத் தூக்கிவந்தார். மெஷினைப் போட்டு ஒட்ட வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண்.

சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் ஒரு நரைமுடியாக இப்போது அவர் கையில் நெளிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே கைப்பேசி அழைத்தது.

“முடி வெட்டியாச்சாங்க?” என்றாள் மனைவி.

“ஆச்சு.”

“படம் அனுப்புங்களேன். பார்க்கணும்னு மனசு துடியாத் துடிக்குது.”

“கேமரா வேலை செய்யல.”

“சரி, வாயாலயாவது சொல்லுங்க. எப்படி இருக்கு?”

சந்தேகம் யோசித்தார். “முதிர்ச்சியா இருக்கு.”

“முதிர்ச்சியாவா?”

“வளருதில்ல.”

நியாயமாகப் பார்த்தால் கால்நடை மருத்துவரிடம் ஓடியிருக்கவேண்டும். ஆனால் ஊரில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே நாய் டாக்டர், மனைவியின் பள்ளித்தோழி. அந்த மருத்துவமனையில் தும்மினால் அடுத்த நிமிடம் மனைவி வெளிநாட்டிலிருந்து “ஜலதோஷமா?” என்று கேட்பாள். எனவே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம், தன் நண்பர் ஒருவரின் நாய்க்கு என்று சொல்லி யோசனை கேட்டார்.

“மனக்கவலைதான்” என்றார் பக்கத்து மேசைக்காரர். “சந்தோஷமா வச்சுக்கிட்டா கருப்பு திரும்பிடும். உங்க நண்பர் கொஞ்சம் கடுகடுன்னு இருப்பாரோ?”

“இருப்பார்” என்றார் சந்தேகம்.

அன்றிலிருந்து கரிக்கட்டைக்கு ராஜவாழ்க்கை. கட்டிலில் இடம் கிடைத்தது. ஒற்றைச் செருப்புக்குப் பதில் ஜோடியாகக் கடிக்க அனுமதி கிடைத்தது. ஒருமையில் பேசுவதை விட்டுவிட்டு, “சாப்டீங்களா கண்ணு?” என்று கேட்கத் தொடங்கினார். மாலைகளில் பாடிக்கூடக் காட்டினார். குட்டிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாடுபட்டுப் பழக்கியிருந்த ஒரு விஷயம் அந்தச் சந்தோஷத்தில் அதற்கு மறந்துபோய், வீட்டில் எங்கெல்லாம் மகிழ்ச்சி பொங்கியதோ அங்கெல்லாம் ஈரத்துணியோடு அவர் போகவேண்டியிருந்தது. நிறம் மட்டும் மாறவில்லை. நாளாக ஆகப் பளபளப்பாகச் சாம்பல் ஏறிக்கொண்டே போயிற்று.

ஆனால் அலுவலகம் விட்டதும் அவர் வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார். கதவைத் திறந்தால் ஒரு உயிர் தன்னைப் பார்த்து இப்படிக் குதிக்கும் என்பதை அவர் நம்பியிருக்கமாட்டார். முதல் சில நாள் அதையும் சந்தேகப்பட்டார். பிறகு விட்டுவிட்டார்.

அப்போது மனைவி அழைத்தாள். “பயிற்சி முன்னாடியே முடிஞ்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை வர்றேன். கரிக்கட்டையைப் பார்க்காம இருக்க முடியலங்க.”

“என்னை?”

“உங்களையும்தான்.”

சந்தேகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குளியலறை அலமாரியில் அவருடைய தலைச்சாயம் இருந்தது. டப்பாவின் பின்னால் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தார். பொடி எழுத்தைப் படிப்பதுதானே தொழில். தன்னைத் தானே நக்கிக்கொள்ளும் பிராணிக்கு அது ஆகாது என்று வைத்துவிட்டார். பக்கத்தில் கரிப் பல்பொடி இருந்தது. வாயில் போடுகிற பொருள், கெடுதல் இல்லை. எண்ணெயில் குழைத்து, மூக்கு முதல் வால்வரை பூசினார். அசல் பழைய கரிக்கட்டை. புதினா வாசனை ஒன்றுதான் கூடுதல்.

அவர் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டி கூடத்துக்கு ஓடி, நடுவில் நின்று, உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

பூடில் சிலுப்பினால் ஒழுங்காகச் சிலுப்பும். சுவர், சோபா, அவர் முகம், மனைவி பார்த்துப் பார்த்து வாங்கிய வெள்ளைத் திரைச்சீலை என்று எதுவும் தப்பவில்லை. சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அம்மாள், கதவைத் திறந்தவரைப் பார்த்து, “சார் இல்லையாப்பா?” என்று கேட்டார். “வெளியே போயிருக்கார்” என்றார் சந்தேகம். அவர் காலடியில் குட்டி பழையபடி சாம்பலாக, புத்துணர்ச்சியோடு நின்றது.

சனிக்கிழமை காலை பூங்காவில் அவர் பெஞ்சில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் நாயோடு வந்தார். மினியேச்சர் பூடில்தான். அதே வயது, அதே உயரம். நல்ல கருப்பு.

கடைக்காரர் நின்றார். கரிக்கட்டையைப் பார்த்தார். குனிந்து அதன் முதுகு முடியை விரலால் விலக்கி அடிமுடியைப் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“எப்படி சார் இப்படி?” என்றார்.

“நரைச்சிடுச்சு.”

“என்னது?”

“மனக்கவலை. நான்தான் காரணம்.”

கடைக்காரரின் உதடுகள் துடித்தன. அழுகையை அடக்குகிறார் என்று சந்தேகம் எண்ணினார். மனம் விட்டு எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கெஞ்சும் குரலில், “உங்க நாயை ரெண்டு நாள் இரவல் தருவீங்களா? அவ வந்து ஒரு தடவை பார்த்துட்டா போதும். அப்புறம் மெதுவா எடுத்துச் சொல்லிக்குவேன்” என்றார்.

“இரவல் எதுக்கு சார்? ஒரேயடியா மாத்திக்கலாம்.”

“ஐயோ, அதெப்படி?”

“நரைச்ச நாய்க்கு அமைதியான வீடு வேணும். எங்க வீட்ல நானும் என் தங்கச்சியும்தான். ரெண்டு பேருமே சத்தம் போட மாட்டோம். அடிக்கடி இடம் மாத்தினா இன்னும் நரைக்கும் சார், பாவம்.”

வாழ்நாள் முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்ட மனிதர் அந்த ஒரு நிமிடம் சந்தேகப்படவில்லை. உலகத்தில் இப்படியும் நல்லவர்கள் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். குட்டியைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டார். புதினா வாசனை இன்னும் போகவில்லை. “நல்லா இருங்க கண்ணு” என்று சொல்லி, கடிப்பதற்குத் தன் பேனாவையும் வாயில் கொடுத்து அனுப்பினார். கரிக்கட்டை கடைக்காரரின் தோளுக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டு போயிற்று. கடைக்காரர் வேகமாக நடந்தார். பூங்கா வாசலைத் தாண்டியதும் ஓடினார். மழை வருகிறதோ என்று சந்தேகம் வானத்தைப் பார்த்தார்.

புதிய நாய் கண்ணியமானது. செருப்பைத் தொடவில்லை. கூப்பிட்டால் வரவுமில்லை. மதியம் முழுக்க அவர் சுவரைத் துடைத்தார், அது சோபாவில் ஒரு மேலதிகாரி மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலில் அன்று இடம் தாராளமாக இருந்தது. அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை மனைவி வந்தாள். விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்த பள்ளித்தோழியும் கூடவே உள்ளே வந்தார். நாய் டாக்டரை அவர் எதிர்பார்க்கவில்லை.

“கரிக்கட்டை” என்று மனைவி மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். கருப்பு நாய் கொட்டாவி விட்டது. அவளே போய் வாரி எடுத்துக்கொண்டாள். “எவ்வளவு பெரிசா ஆயிட்டே” என்று கொஞ்சினாள். சந்தேகம் மூச்சு விட்டார்.

பிறகு அவள் நாயை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முதுகு முடியை விரலால் விலக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். பாதங்களைத் தூக்கி விரலிடுக்குகளைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போயிற்று. நாயைத் தோழியின் கையில் கொடுத்தாள்.

பொய் தனக்குச் சரிப்படாது, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று சந்தேகம் தீர்மானித்தார். “நான் ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினார்.

டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, நாயின் முடியைத் தானும் விலக்கிப் பார்த்தார். பெருமூச்சோடு தோழியின் தோளில் கைவைத்தார்.

“வளர வளர வெள்ளி நிறமா மாறுற குட்டிதான் வேணும்னு எத்தனை பேர்கிட்ட விசாரிச்சு, எவ்வளவு காத்திருந்து வாங்கினே. இதுக்கு அடிமுடிகூடக் கருப்புதான். எவனோ உன்னை நல்லா ஏமாத்திட்டான்டி.”