ஒரு கிலோவுக்குள் ஒரு சமையலறை

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் நலம். அவளுடைய பொறுமை மட்டும் சற்றுக் குறைவாக இருக்கிறது. காரணம் கீழே வரும். குழப்பாமல் எழுத, முதலில் சுருக்கம்:

1. எந்த உலோகம்.
2. மூடி வேண்டும்.
3. கரண்டிக் காம்பை அறுக்கக் கூடாது.
4. மொத்த எடையில் சந்தேகமே வேண்டாம்.

"சமையல் சாமான் ஒரு கிலோவைத் தாண்டினா நீங்க மலைக்கு வர வேண்டாம் அத்தான், கீழேயே இருந்துடுங்க" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நியாயம்தான். சென்ற முறை இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்கி, அடிவார விடுதியின் வரவேற்பறையில் மூன்று நாள் பழைய பத்திரிகை படித்தவன் நான். இம்முறை அப்படி நேராது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்தவனுக்கு ஒரு கிலோ என்பது தெரியாதா?

முதலில் டைட்டானியம் பாத்திரம் வாங்கினேன். காகிதம்போல இருந்தது. மாடி பால்கனியில் சிறிய அடுப்பை வைத்து மலையேறப் போகும் மூவருக்கான சூப்பைக் கொதிக்க விட்டேன். சூடு பரவாமல் நடுவில் மட்டும் கருகியது. உங்கள் அக்கா எட்டிப் பார்த்து, "பொட்டு வச்ச மாதிரி ஒரே இடத்துல கருகியிருக்கு. இதுக்கெல்லாம் தனித் திறமை வேணும்" என்றாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலுமினியம் வாங்கினேன். நாற்பது கிராம் கூடுதல், ஆனால் சீராகச் சுடுகிறது. அதன் மடக்குப் பிடியைப் பூட்ட மறந்து தூக்கியதில் சூப் முழுவதும் என் மலையேறும் காலணிக்குள் போயிற்று. காலணியை எடை போட்டேன்; அறுபது கிராம் ஏறியிருந்தது. அது சமையல் கணக்கில் வராது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு மூடியை விட்டுவிட்டால் ஐம்பத்தெட்டு கிராம் மிச்சமாகுமே என்று மூடாமல் கொதிக்க வைத்தேன். காற்றில் தண்ணீர் கொதிப்பதற்குள் எரிவாயு பாதி தீர்ந்தது. மூடியை மறுபடி சேர்த்தேன். அந்த இழப்பை ஈடுகட்ட மரக்கரண்டியின் காம்பைப் பாதியாக அறுத்தேன். மிச்சம் பதினொரு கிராம். கிளறும்போது விரல்களும் சூப்பில் இறங்கின. "ஏங்க, அந்தப் பதினொரு கிராமும் இப்ப கைக்கட்டுலயே இருக்கு பாருங்க" என்றாள் உங்கள் அக்கா, துணியைச் சுற்றிக்கொண்டே. இந்தக் கடிதத்தின் கையெழுத்து கோணலாக இருப்பதும் அதனால்தான்.

ஆனால் பலன் கிடைத்துவிட்டது. பாத்திரம், மூடி, அடுப்பு, மூன்று குவளை, முழுக் காம்புள்ள புதுக் கரண்டி, எல்லாம் சேர்த்து எண்ணூற்று எழுபத்து நான்கு கிராம். ஒவ்வொன்றையும் மும்முறை நிறுத்தேன். ஆகவே எனக்கு இடம் ஒதுக்கலாம். விடுதிப் பத்திரிகைகள் எல்லாம் படித்தவைதான்.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக, முழங்கால் வலி இல்லாமல், நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அக்கா பையைத் தூக்கிப் பார்த்து, "இதுவா ஒரு கிலோ? யாருகிட்ட கதை விடுறீங்க?" என்றாள். மும்முறை நிறுத்ததைச் சற்றுக் குரலை உயர்த்தியே சொன்னேன். அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பாத்திரம், அடுப்பு, குவளைகள் விழுந்தன. கடைசியாக என் பழைய தராசும் பித்தளை எடைக்கற்கள் பெட்டியும் விழுந்தன. மலை ஈரத்தில் சாமான்களின் எடை கூடினால் சரிபார்க்க வேண்டுமே என்று நான்தான் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் தராசில் வைத்தேன். தராசை எதில் வைப்பது? இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அது இப்போது உங்கள் அக்காவின் அலமாரியில், பூட்டுக்குள். மீதிப் பையை மாட்டிக்கொண்டு நான்கு மாடி ஏறினேன். உச்சியில் நின்று அவளைக் கூப்பிட முடிந்தது, கீழே அவளுக்கும் கேட்டது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு உங்கள் வாசலில் நிற்பேன். மேலே கண்ட நான்காவது குறிப்பு தவறு.