மாமனாரின் மூக்கும் என் கண் தசை ஆராய்ச்சியும்

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவனிடம் "என்ன ஆராய்ச்சி?" என்று யாரும் கேட்கக்கூடாது. சொல்லிவிடுவான். பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டால் செய்தே காட்டிவிடுவான்.

அப்போது நான் பாலூட்டிகளின் கண் தசைகளைக் குடைந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திருப்ப ஆறு தசைகள். அவற்றுக்குக் கட்டளை கொண்டுபோக நரம்புகள். சரி, திரும்பிய கண் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மூளைக்கு யார் சொல்வது? தசைக்குள் இருக்கும் உணர்வு நரம்பு முனைகள் என்பது எங்கள் கட்சி. (ஆட்டுக்கு ஒரு மாதிரி, பூனைக்கு வேறு மாதிரி. உலகமே இந்தக் கவலையில் தூங்காமல் கிடப்பதாக நம்பியிருந்தேன்.)

பெண் வீடு கோலியர்ஸ் வுட் என்ற பகுதியில். அக்காதான் கூட்டிப்போனார். பெண் நிரோஷினிக்கு மருந்தகத்தில் வேலை. அவளுடைய அப்பா விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி கண் டொக்டரோ?"

"இல்லை அங்கிள். கண் தசையின்ர நரம்பு."

"கண்ணாடிக்கு எழுதித் தருவீரோ?"

"ஏலாது."

"கண்ணில பூ விழுந்தா எடுப்பீரோ?"

"அதுவும் ஏலாது."

"அப்ப உம்மால என்னதான் ஏலும்?"

புத்தியுள்ளவன் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டிய கட்டம். நான் மின்சாரப் பல் பிரஷ் ஒன்று கேட்டேன்.

அக்கா என் காலை மிதித்தார். காலை இழுத்துக்கொண்டு விளக்கினேன். கீழிமையில் பிரஷின் பிடியை வைத்து அதிரவிட்டால், கீழ்த் தசை இழுபடுவதாக நரம்பு பொய்ச் செய்தி அனுப்பும். கண் மேலே பார்க்கிறது என்று மூளை ஏமாறும். இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளியைத் தொடப்போனால் விரல் சற்று மேலே போய்விடும்.

ஆன்ரி திரைச்சீலைகளை இழுத்து மூடினார். அங்கிள் சாவிக்கொத்தில் இருந்த குட்டிச் சிவப்பு லைட்டைத் தன் நாடிக்கு முன்னால், உதட்டுக்குக் கீழே பிடித்தார். (பிடிப்பதற்கு அந்த வீட்டில் வேறு இடமா இல்லை?) ஒரு கண்ணை மூடி, மறு கண்ணின் கீழே பிரஷை அழுத்தினேன். புள்ளி மெல்ல மேலே மிதந்தது. ஆகா! வெற்றிக் களிப்பில் வேகமாக விரலை நீட்டினேன்.

விரல் வெதுவெதுப்பான, ஈரமான ஓரிடத்துக்குள் போய் நின்றது.

"ஐயோ, என்ர மூக்கு!"

லைட்டைப் போட்டால், அங்கிளின் வெள்ளைச் சட்டையில் இரத்தம். ஆன்ரி ஐஸ் எடுக்க ஓடினார். அக்கா, என்னை முன்பின் அறியாதவர்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண் எங்க பாக்குதெண்டு உமக்கே தெரியேல்லை, இதுக்கொரு பட்டம்!" என்றார் அங்கிள், மூக்கைப் பிடித்தபடி.

"மேல போகுமெண்டுதானே அப்பா அவர் சொன்னவர்," என்றாள் நிரோஷினி. "மேலதானே போயிருக்கு."

என் பேராசிரியர்கூட என் முடிவுகளை இவ்வளவு தெளிவாக ஏற்றுக்கொண்டதில்லை.

கலியாணம் நடந்தது. அங்கிள் மாமா ஆனார். ஆனால் இன்றுவரை நான் வீட்டுக்குள் நுழைந்தால், உள்ளங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் "வாரும்" என்பார். எங்கள் நான்கு வயது மகள், தமிழர் வணக்கம் சொல்லும் முறையே அதுதான் என்று நினைத்துவிட்டாள். அண்மையில் சொந்தக்காரர் கலியாணம் ஒன்றில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தியிருந்தார்கள். வந்த அத்தனை பேரையும் மூக்கைப் பொத்தியே வரவேற்றாள். பட்டுச் சேலைகளில் வந்தவர்கள் ஒதுங்கி நின்று தங்களைத் தாங்களே முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.